நீலக் கூரைக்கு ஒரு தார்ப்பாய்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு தார்ப்பாயை மூன்று மாடி கீழே இறக்கித் தெருமுனைக் கடை வரைக்கும் தூக்கிப் போனது. சுருட்டிக் கட்டிய நீலப் பாய். அம்மா முன்முனை, நான் பின்முனை. படிக்கட்டுத் திருப்பத்தில் சுவரில் இடித்துச் சிக்கிக்கொண்டது.

"தூக்கிப் பிடிடி. தூங்கறியா?"

"நீ இழுத்துட்டே இருந்தா நான் எங்க தூக்கறது?"

மேலே வாசலில் நின்று அப்பா வேடிக்கை பார்த்தார். "லிஃப்ட் இருந்தா இந்தக் கஷ்டமே இல்லை."

"சொல்றது யாரு பாரு," என்றாள் அம்மா. "காலமெல்லாம் ஊரார் லிஃப்ட்டை ரிப்பேர் பண்ணினவரு. தனக்குன்னு லிஃப்ட் இருக்கற வீடு ஒண்ணு பாக்கத் துப்பில்லை."

தெருமுனைக் கடையில் பை, கூடாரம், லாரிப் பாய் எல்லாம் தைப்பார்கள். பாயின் ஓரத்தில் ஓட்டை போட்டுப் பித்தளை ரிங் அடித்தும் தருவார்கள். கடைக்காரர் பாயை ஒரு சுற்று பிரித்துத் தையலைத் தடவிப் பார்த்தார்.

"நல்லா தச்சிருக்கு. எதுக்கு, லாரிக்கா?"

"வீட்டுக் கூரைக்கு."

"உங்க வீடா?"

"இல்லை."

"சொந்தக்காரங்களா?"

அம்மா யோசித்தாள். "இன்னும் பாத்ததில்லை."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய பைகளைப் பார்த்தேன்.

"ரிங் நெருக்கமா அடிங்க," என்றாள் அம்மா. "அந்தப் பக்கம் காத்து ஜாஸ்தி. மூலைக்கு ரெண்டு ரெண்டா போடுங்க."

"பாக்காத வீட்டுல காத்து ஜாஸ்தின்னு எப்படிம்மா தெரியும்?"

"மேலேர்ந்து பாத்தேன்."

அவர் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். பெயர் கேட்டார். "மாஸ்டர்னு எழுதிக்குங்க" என்றாள். அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

அடுத்த வாரம் அம்மா இல்லை. நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வழி தவறாமல் வந்தது. எங்கள் தெரு வரைபடத்தில் சரியாக இருக்கிறது, வீட்டு எண்ணும் சரியாக இருக்கிறது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மாஸ்டர் என்பது கட்டிங் மாஸ்டர். அம்மா வேலை பார்த்தது ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், துணி வெட்டும் மேசையில். அந்த மேசையில் ஆண்கள்தான் நிற்பார்கள். அம்மா தையல் பகுதியிலிருந்து உதவிக்குப் போனவள், திரும்பி வரவில்லை. துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவுத்தாளை ஒட்டி, மின்கத்தியை ஓட்ட வேண்டும். இடது கையில் இரும்பு வளையங்களால் பின்னிய கையுறை. கத்தி ஒரு நூல் விலகினால் ஒரு சட்டை கெடாது, அடுக்கு மொத்தமும் கெடும். அதனால் அம்மாவுக்கு ஓரம் என்றால் ஓரம்தான். ரொட்டியை வெட்டினாலும் செய்தித்தாளைக் கிழித்தாலும் அதே கண்.

மாஸ்டர் என்று முதலில் கூப்பிட்டது தொழிற்சாலையில். பிறகு தெருவில். பிறகு அப்பா. கோபம் வந்தால் மட்டும் அப்பா "மாஸ்டரே" என்பார். அந்த ஏகாரம் காதில் விழுந்தால் நான் வேறு அறைக்குப் போய்விடுவேன்.

நின்று நின்று காலில் நரம்பு சுருண்டு, வேலையை விட்டாள். வீட்டில் சும்மா உட்காரத் தெரியவில்லை. நன்றாக இருந்த திரைச்சீலைகளைப் பிரித்து மறுபடி தைத்தாள். அப்பாவின் சட்டைக் காலர்களைத் திருப்பிப் போட்டாள். "என்னையும் பிரிச்சுத் தைக்கறதுக்குள்ள இவளுக்கு ஒரு வேலை குடு," என்றார் அப்பா என்னிடம்.

என் வேலை வரைபடம். வெள்ளம், நிலநடுக்கம், நோய் பரவல் என்று எங்காவது நடந்தால், நிவாரணத்துக்குப் போகிறவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது வீடுகள் எங்கே இருக்கின்றன என்பது. பல ஊர்கள் எந்த வரைபடத்திலும் கிடையாது. செயற்கைக்கோள் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போடுவோம். தன்னார்வலர்கள் ஆளுக்கொரு கட்டம் எடுத்து, ஒவ்வொரு கூரையையும் சுற்றிக் கோடு போடுவார்கள். ஒருவர் எடுத்த கட்டம் அவர் பெயரில் பூட்டிக்கொள்ளும். முடித்ததும் எங்கள் அலுவலகத்தில் சரிபார்ப்போம். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் செய்கிற வேலைதான்.

ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து நான் வேலை செய்துகொண்டிருந்தேன். அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இது என்னடி, துண்டுத் துணி மாதிரி?"

"கூரைம்மா. ஒவ்வொண்ணும் ஒரு வீடு."

"நம்ம வீடு தெரியுமா இதுல?"

காட்டினேன். எங்கள் மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டி, அதன் நிழல், கொடியில் ஒரு பச்சைப் பட்டை.

"அது நம்ம போர்வை," என்றாள் அம்மா.

"எப்படிம்மா சொல்றே? நாலு புள்ளி பச்சை. எதிர்வீட்டுதாக்கூட இருக்கலாம்."

"காயப்போட்டவளுக்குத் தெரியாதா? நான் எப்பவும் நீளவாக்குல போடுவேன். எதிர்வீட்டுக்காரி மடிச்சுப் போடுவா, சோம்பேறி."

மறுநாள் அம்மாவுக்கு ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். கணக்கின் பெயர் மாஸ்டர்.

மவுஸ் பிடிக்க இரண்டு நாள் தடுமாறினாள். பிறகு வேகம் வந்துவிட்டது. வலது கை மவுஸில் இருக்கும். இடது கை மேசைமேல் விரிந்து கிடக்கும், துணியை அழுத்திப் பிடிப்பதுபோல. அப்பா அந்தக் கைக்குப் பக்கத்தில் டீயை வைத்துவிட்டுப் போவார். வானத்திலிருந்து அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்ப்பது மரியாதையா என்று தினமும் ஒருமுறை கேட்பார்.

"கூரைதானே பாக்கறேன். உள்ள யாரு படுத்திருக்கான்னா பாக்கறேன்?"

"அவங்க உன் வீட்டைப் பாத்தா?"

"பாக்கட்டுமே. கொடியில துவைச்ச துணிதான் தொங்குது. அழுக்குத் துணியா தொங்குது?"

ஒரு மாதத்தில் அம்மாவின் கட்டங்கள் மொத்தமாகத் திரும்பி வந்தன. அலுவலகத்தில் சரிபார்க்கிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் அரைமீட்டர். கோடு அரை மீட்டர் விலகினாலும் திருப்பி அனுப்புவார். மாஸ்டர் என் அம்மா என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. அவர் எழுதியிருந்த குறிப்பு: கூரைகள் எல்லாம் ஒரே அளவில் பெரிதாக உள்ளன.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். உண்மைதான். ஒவ்வொரு கூரையின் கோடும் கூரையின் ஓரத்தில் இல்லை. நாலு பக்கமும் சீராகத் தள்ளி இருந்தது. கை நடுக்கத்தில் வந்த தவறு அப்படி இருக்காது.

"ஏம்மா வெளிய தள்ளிப் போட்டிருக்கே?"

"தையலுக்கு விட்டிருக்கேன்."

"எதை?"

"ஓரத்துல விடணும்டி. விடாம வெட்டினா எதை வச்சுத் தைக்கறது?"

நான் சிரித்துவிட்டேன். அடுத்த அறையிலிருந்து அப்பாவும் சிரித்தார். "வீட்டையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேத்துத் தைக்கப் போறாளாம் மாஸ்டர்." அம்மாவுக்கு முகம் சிவந்தது. "பெரிசாத்தானே இருக்கு, இருந்துட்டுப் போகட்டும். நஷ்டம் என்ன?"

சிரிப்பை நிறுத்திவிட்டு விளக்கினேன். கூரையின் பரப்பை வைத்துத்தான் உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணிக்கிறோம். அதை வைத்துத்தான் பாயும் தண்ணீரும் மருந்தும் பிரிப்பார்கள்.

"அப்ப நல்லதாப் போச்சு. நான் வரைஞ்ச ஊர்க்காரங்களுக்குக் கூட ரெண்டு பாய் போகும்."

"வண்டியில இருக்கறது அதே பாய்தாம்மா. உன் ஊருக்குக் கூடினா பக்கத்து ஊருக்குக் குறையும்."

அம்மா இடது கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றாள். பிறகு உட்கார்ந்து எல்லாக் கூரைகளையும் உள்ளே இழுத்தாள். முதல் கட்டத்திலிருந்து. அந்த வாரம் நாங்கள் கடையில் வாங்கிச் சாப்பிட்டோம். அதன் பிறகு அரைமீட்டரிடமிருந்து மாஸ்டருக்கு ஒரு கட்டமும் திரும்பி வரவில்லை.

ஆற்றங்கரைக் கட்டத்தை அம்மா எடுத்தது அதற்குப் பிறகு. எங்கள் ஆறுதான். ஊருக்கு மேலே, அது வளைந்து திரும்புகிற இடத்தில் சில குடிசைகள். அங்கே வெள்ளம் வரலாம் என்று முன்கூட்டியே வரையச் சொல்லியிருந்தார்கள். அதில் ஒரு நீலக் கூரை. தார்ப்பாய்தான். அதன் தெற்கு மூலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு துண்டு.

"ஒட்டுப் போட்டிருக்காங்க பாரு," என்றாள் அம்மா.

"ம்."

"ம் இல்லைடி. பாரு. கிழிஞ்ச இடத்துல அப்படியே விரிச்சுப் போடலை. மூலையோட மூலை சேத்து நேரா வச்சிருக்கு. வேலை தெரிஞ்ச கை."

படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அவ்வளவெல்லாம் தெரியாது. நான் சொல்லிப் பார்த்தேன். அம்மா கேட்கவில்லை. பழைய படங்களைத் தேடிக் காட்டச் சொன்னாள். ஒன்றில் வடக்கு ஓரம் மடிந்து கிடந்தது. இன்னொன்றில் விரிந்திருந்தது. "காத்து தூக்குது. ஓரத்துல ரிங் இல்லை. கல்லு வச்சிருப்பாங்க, பாவம்," என்றாள். தெரிந்தவர் வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினாள். அந்த வீட்டில் இருப்பது இரண்டு பேரா மூன்று பேரா என்று அப்பாவோடு பந்தயம் வேறு.

மழைக்காலத்தில் ஆறு பொங்கியது. வளைவில்தான் முதலில் ஏறியது. நாங்கள் வரைந்த கட்டங்களை வைத்துக்கொண்டு படகுகள் போயின. எந்த இடத்தில் வீடு இருந்தது என்று மரங்களுக்கு நடுவே தேட வேண்டியிருக்கவில்லை. அலுவலகத்தில் அது எங்களுக்கு நல்ல வாரம். அப்படிச் சொல்லக் கூடாது, ஆனால் அப்படித்தான்.

தண்ணீர் வடிய ஆரம்பித்ததும் புதிய படம் வந்தது. அடுத்த வேலை, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறி போடுவது. இருக்கிறது, சேதம், இல்லை. மூன்றில் ஒன்று. அம்மா தன் கட்டத்தைத் திறந்தாள். நீலக் கூரை இருந்த இடத்தில் பழுப்பு நிறம். சுற்றியிருந்த வீடுகளுக்கெல்லாம் குறி போட்டாள். அதற்கு மட்டும் போடவில்லை.

"இல்லைன்னு போடும்மா."

"வீடு இல்லை, சரி. ஆளு?"

"அதுக்குக் குறி கிடையாது."

"அதான் கேக்கறேன். ஏன் கிடையாது?"

எங்கள் படத்தில் ஆட்கள் இல்லை. எந்த வீட்டில் யார் என்று நாங்கள் குறித்துவைப்பதும் இல்லை, அது விதி. நல்ல விதிதான். அம்மாவிடம் சொன்னேன். தலையாட்டினாள். கட்டத்தை முடிக்காமல் மூடிவிட்டாள். அது அவள் பெயரிலேயே பூட்டிக் கிடந்தது.

அலுவலகத்தில் அரைமீட்டர் கேட்டார், "யாருங்க இந்த மாஸ்டர்? நல்லா போட்டுட்டிருந்தவரு ஒரே ஒரு கட்டத்தைப் பூட்டி வச்சுட்டு உக்காந்திருக்காரு." கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

சில வாரம் கழித்து இன்னொரு படம் வந்தது. மேட்டில், பள்ளிக்கூட மைதானத்தில் முகாம். வெள்ளைக் கூடாரங்கள் வரிசையாக, எல்லாம் ஒரே மாதிரி. அம்மா ஒவ்வொரு வரிசையாகப் போனாள். வெட்டிய துணியில் பழுது தேடுவதுபோல. அப்பாவும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பந்தயம் இன்னும் முடியவில்லை அல்லவா.

"இதோ," என்றாள்.

கடைசி வரிசையில் ஒரு கூடாரத்தின் வாசல் பக்கம் ஆரஞ்சு நிறத்தில் மூன்று புள்ளிகள்.

"அதே துணி."

"வாளியா இருக்கலாம்மா. சட்டையா இருக்கலாம். உயிர்காக்கும் ஜாக்கெட்டெல்லாம் ஆரஞ்சுதான், அங்க நூறு கிடக்கும்."

"தண்ணி வரும்போது கையில கிடைச்சதைப் பிடுங்கிட்டு ஓடியிருக்காங்க. ஒட்டுப் போட்டவங்களுக்கு அந்தத் துண்டோட அருமை தெரியும்."

"முகாம்ல எங்க ஆள் இருக்காரு. ஃபோன் பண்ணிக் கேக்கட்டுமா?"

"என்னன்னு கேப்பே? வானத்துலேர்ந்து உங்க ஓட்டைக் கூரையைப் பாத்தோம், நீங்கதானான்னா? அப்பா சொல்றது சரிதான், மரியாதை இல்லை." அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அந்த வாக்கியம் அவருக்குக் கிடைத்தது அதுவே முதல்முறை. "நேர்ல போவோம்," என்றாள் அம்மா. "கையில எதையாவது எடுத்துட்டுப் போவோம். அப்ப கேக்கலாம்."

அப்படித்தான் தார்ப்பாய் வந்தது. முகாமில் எத்தனை நாள் இருப்பார்கள், தண்ணீர் முழுதாக வடிந்ததும் அதே இடத்துக்குத்தான் போவார்கள், அப்போது கூரை வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. பழைய படத்தைத் திறந்து அளவு எடுத்தாள். நீல நிறமே வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கினாள். வீட்டில் அவ்வளவு பெரிய தரை இல்லை. மொட்டைமாடியில் விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, முழங்காலில் நகர்ந்து நகர்ந்து வெட்டினாள். அளவுக்கு வெளியே விரலகலம் தள்ளிச் சாக்பீஸ் கோடு போட்டபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இதுக்கு விடலாம்ல?"

"இதுக்கு விடலாம்மா."

"உங்க அரைமீட்டரைக் கேக்க வேண்டாமே?"

இரண்டு அகலத்தைச் சேர்த்துத் தைக்கும்போது வீட்டு மிஷினில் ஊசிகள் முறிந்தன. அப்பா லிஃப்ட் வேலைக்கு வைத்திருந்த எண்ணெயை எடுத்து வந்து மிஷினுக்குப் போட்டார். பஸ் நிலையத்தில் விசாரித்து வந்தாள் அம்மா. கடைசி நிறுத்தத்தில் இறங்கி, கரையோடு நடக்க வேண்டும். ரிங் அடித்து வந்ததும் போகலாம் என்றாள். மீதி எல்லாம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

பிறகு ஒருநாள் அம்மாவின் போன் அடித்தது. சார்ஜில் போட்டு வைத்திருந்தோம். ஏன் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"மாஸ்டரம்மா இருக்காங்களா? பாய் ரெடியாகி ரொம்ப நாளாச்சு. இடத்தை அடைக்குதுங்க."

விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர், "அவசரமில்லை. மெதுவா வாங்க," என்றார். நானும் அப்பாவும் போய் எடுத்து வந்தோம். மூலைக்கு ரெண்டு ரெண்டாக ரிங் அடித்திருந்தார். படியில் பாய் அதே திருப்பத்தில் இடித்தது. அப்பா லிஃப்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாயை வாசல்கதவுக்குப் பின்னால் நிறுத்தினார். கதவு இப்போது முழுதாகத் திறப்பதில்லை. இருவரும் ஒருக்களித்துப் போய் வருகிறோம்.

அலுவலகத்தில், வேலை இல்லாத நேரத்தில், எங்கள் வீட்டின் படத்தைத் திறக்கிறேன். மொட்டைமாடியில் பச்சைப் போர்வை நீளவாக்கில் தொங்குகிறது. அந்தப் படம் எடுத்த காலையில் அம்மா கீழே இருந்திருக்கிறாள். அடுப்படியிலா, மேசையிலா, தெரியாது. கூரைதான் தெரிகிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கூரைதான். எங்கள் ஊருக்குப் புதிய படம் எப்போது வேண்டுமானாலும் வரும், இது போய்விடும். பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். ஆனாலும் தினமும் அங்கேயே போய்ப் பார்க்கிறேன்.

இந்த வாரம் ஆற்றங்கரைக்குப் புதிய படம் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் கடைசி வரிசையைக் கழற்றிவிட்டார்கள். ஆரஞ்சுப் புள்ளிகள் அங்கே இல்லை. வளைவுக்குப் போனேன். அம்மாவின் கட்டம். பழுப்பு மண்ணில் நாலைந்து புதிய நிழல்கள். கம்புகளாக இருக்கலாம். நீலக் கூரை இருந்த அதே இடத்தில், தெற்கு மூலையில், ஆரஞ்சு நிறம். சுற்றி வேறு நிறம் இல்லை. கூரை என்று அது மட்டும்தான்.

அரைமீட்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். யார் மாஸ்டர் என்பதையும் அன்றுதான் சொன்னேன். நெடுநேரம் திரையில் குனிந்திருந்தார்.

"மூணு புள்ளிங்க. எதுவா வேணா இருக்கலாம்," என்றார். பிறகு அளவுகோலை எடுத்துப் பழைய படத்தின்மேல் வைத்துப் பார்த்தார். "ஆனா இடம் சரியா இருக்கு. அரை மீட்டர்கூட விலகலை."

போகும்போது கேட்டார், "அந்தக் கட்டத்தைத் திறந்து விட்டுடட்டுமா? வேற யாராவது முடிப்பாங்க."

"வேண்டாம்," என்றேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மாஸ்டர் சொன்னது சரியா?"

"தெரியலைப்பா. போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"எத்தனை பேருன்னும் தெரிஞ்சுடும்," என்றார். "ரெண்டுன்னேன் நான். அவ மூணு."

அவர் எழுந்துபோய்ப் பாயின் முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது. அம்மா போட்ட முடிச்சைக் கடைக்காரர் அவிழ்த்திருப்பார், இது அவர் போட்டதாக இருக்கும். அப்பாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. வெளியே மேகம் கறுத்திருந்தது. கடைசி நிறுத்தத்தில் இறங்கி, கரையோடு நடக்க வேண்டும். பாய் கதவுக்குப் பின்னால் நிற்கிறது.